18 வருஷம் கழிச்சு டிரெண்டான சுத்தியல் சீன்... சில நடிப்பு மட்டும் ஏன் மறக்கவே மாட்டேங்குது? நாகேஷ் முதல் எம்.எஸ்.பாஸ்கர் வரை ஓர் அலசல்!

2019 மே மாதக் கடைசி. மத்தியில் புதிய அரசு பதவியேற்கும் பரபரப்பு. டிவியைத் திறந்தால் அமைச்சரவைப் பட்டியல்தான். ஆனால் ட்விட்டரைத் திறந்தவர்களுக்கு வேறொரு கவலை. ‘நேசமணி’ என்று ஒருவருக்குத் தலையில் அடிபட்டுவிட்டது, அவர் பிழைக்க வேண்டும் என்று உலகமே பிரார்த்தனை செய்துகொண்டிருந்தது!

சிவில் இன்ஜினீயரிங் தொடர்பான ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில், சுத்தியல் படத்தைப் போட்டு ‘இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?’ என்று கேட்டிருந்தார்கள். கமென்ட்டில் வந்த நம்மூர்க்காரர் ஒருவர், ‘இது நேசமணி தலையில் விழுந்த பொருள்’ என்கிற ரேஞ்சில் ஒரு பதில் போட, அங்கே பற்றிக்கொண்டது. பிறகு நடந்ததெல்லாம் மீம் வரலாறு.

யார் இந்த நேசமணி? 2001-ல் சித்திக் இயக்கத்தில் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு செய்த பெயின்ட் கான்ட்ராக்டர் கதாபாத்திரம். படத்தின் ஹீரோக்கள் விஜய், சூர்யா. கதைக்கும் அந்தச் சுத்தியலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஆனாலும் 18 வருஷம் கழித்து, படம் வந்தபோது பிறந்தே இருக்காத பசங்க கூட அந்த ஒரு சீனை வைத்து விளையாடினார்கள்.

இங்கேதான் ஒரு நியாயமான கேள்வி. ஹீரோ இரண்டரை மணி நேரம் வருகிறார். கூட நடிப்பவர் பத்து, பதினைந்து நிமிஷம் வருகிறார். ஆனால் வருஷங்கள் ஓடிய பிறகு நினைவில் நிற்பது பல நேரம் அந்தப் பதினைந்து நிமிஷம்தான். எப்படி? அது வெறும் டயலாக் ராசியா, டைமிங்கா, இல்லை வேற ஏதாவதா? தமிழ் சினிமாவின் சில நடிகர்களையும் சில காட்சிகளையும் எடுத்துவைத்துப் பார்த்தால், ஒரு பேட்டர்ன் தெரிகிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. அந்த ஆளுக்கு என்ன வேணும்? – ‘தருமி’ பாடம்

1965-ல் ஏ.பி.நாகராஜன் இயக்கத்தில் வெளியான ‘திருவிளையாடல்’. சிவனாக சிவாஜி கணேசன். ஏழைப் புலவன் தருமியாக நாகேஷ். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டிய மன்னனுக்குச் சந்தேகம். அதைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொற்காசு பரிசு. தருமிக்குக் காசு வேண்டும். ஆனால் பாட்டு வராது!

இந்தக் காட்சியில் நாம் சிரிப்பது நாகேஷின் டயலாக்குக்கு மட்டும்தானா? கவனித்துப் பாருங்கள். கோயில் மண்டபத்தில் தனியாக நின்று அவர் புலம்பும்போதே, அந்த ஆயிரம் பொற்காசு அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. சோற்றுக்கு வழியில்லாத ஒருவன், தனக்குத் தகுதியில்லாத ஒரு பரிசுக்கு ஆசைப்படுகிறான். ஆசை ஒரு பக்கம், ‘நமக்கெல்லாம் கிடைக்குமா’ என்கிற அவநம்பிக்கை இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்த ஒல்லி உடம்பு முன்னும் பின்னும் அல்லாடுகிறது.

சிவனைச் சோதிப்பதற்காகக் கேள்விகளை அடுக்கும் இடத்தில், புலமை இருப்பது போல் ஒரு பாவனை. உள்ளே பயம். அரசவையில் நக்கீரர் குற்றம் கண்டுபிடித்ததும், பாட்டில் எவ்வளவு பிழையோ அவ்வளவுக்குப் பரிசைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பேரம் பேசுகிறார். தியேட்டரே சிரித்த இடம் இது. ஆனால் அந்த ஆளின் இடத்தில் நின்று யோசித்தால், அது சிரிப்பே இல்லை. கைக்கு வந்தது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்கிற பதற்றம். மொத்தமாகப் போவதற்குப் பதில் பாதியாவது கிடைக்கட்டுமே என்கிற ஏழையின் கணக்கு.

முதல் பாடம் இதுதான். மறக்க முடியாத கதாபாத்திரங்களுக்கு எப்போதும் ஏதோ ஒன்று அவசரமாக, உயிர் போகிற மாதிரி வேண்டியிருக்கும். நடிகர் சிரிக்கவைக்க முயற்சி செய்யவில்லை. அந்தப் பொருளைப் பிடிக்கத்தான் ஓடுகிறார். நாம்தான் சிரிக்கிறோம்.

வடிவேலுவின் நேசமணியும் இதே கணக்குதான். அவருக்குத் தேவை ஒன்றே ஒன்று. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்து, கான்ட்ராக்டர் என்கிற கெத்தைக் காப்பாற்ற வேண்டும். கூட வந்த ஆட்கள் ஒவ்வொருவராக அதற்கு வேட்டு வைக்கிறார்கள். சுத்தியல் விழுவது அவர் தலையில் மட்டுமல்ல, அந்தக் கெத்தின் மீதும்தான்!

2. பேசுறதைவிட கேட்குறதுதான் கஷ்டம் – பாலையா பாடம்

அடுத்தது, ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ (1964). சினிமா எடுத்தே தீருவேன் என்று ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ ஆரம்பித்த செல்லப்பாவாக நாகேஷ். அவருடைய பணக்கார அப்பா விஸ்வநாதனாக டி.எஸ்.பாலையா. மகன் அப்பாவுக்கு ஒரு திகில் கதை சொல்கிறான். கதவு கிறீச்சிடும் சத்தம், காற்று, நடுவில் திடீரென்று ஒரு அலறல் என எல்லாமே மகன் வாயாலேயே!

60 வருஷத்துக்குப் பிறகும் இந்தக் காட்சி யூடியூபில் ஓடுகிறது. ‘நாகேஷ் செம’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது, நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பாருங்கள்.

முதலில் அலட்சியமாக உட்கார்ந்திருக்கிறார். கதை நகர நகர முகம் மாறுகிறது. கண் விரிகிறது. உடம்பு சுருங்குகிறது. பயந்துவிட்டோம் என்பதை மகனுக்குக் காட்டவும் கூடாது, பயத்தை அடக்கவும் முடியவில்லை. அவர் முகத்தில் இந்தப் பயம் இல்லையென்றால், நாகேஷ் போடும் சத்தம் எல்லாம் வெறும் மிமிக்ரி. பாலையா நம்பியதால்தான் அது பேய்க் கதை ஆகிறது.

இதைத்தான் நடிப்புப் பயிற்சியில் ‘ரியாக்‌ஷன்’ என்கிறார்கள். தன் முறை எப்போது வரும் என்று காத்திருக்கிற நடிகர் வேறு. எதிரில் இருப்பவர் சொல்வதை அந்த நிமிஷத்தில்தான் முதல் தடவையாகக் கேட்பது போல் கேட்கிற நடிகர் வேறு. ஸ்கிரிப்ட்டைப் படித்தவருக்கு அடுத்த வரி தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் வேலை.

பாலையா, நாகேஷ், மனோரமா என அந்தத் தலைமுறை நடிகர்கள் பலர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். மேடையில் க்ளோஸ்-அப் கிடையாது, ரீ-டேக்கும் கிடையாது. கூட நடிப்பவர் ஒரு வரியை மறந்தால், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால்தான் காட்சியைக் காப்பாற்ற முடியும். அந்தப் பழக்கம் கேமரா முன்னாலும் தொடர்ந்தது.

3. குரலுக்கு ஒரு ஊர் இருக்கணும் – ‘ஆச்சி’ பாடம்

1937-ல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தாதான், பிறகு மனோரமா ஆனார். காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் வளர்ந்ததால் திரையுலகுக்கே ‘ஆச்சி’. கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ (1958) மூலம் சினிமாவுக்கு வந்தார். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்து கின்னஸ் புத்தகத்திலும் இடம்பிடித்தார். 2002-ல் பத்மஸ்ரீ.

எண்ணிக்கை இருக்கட்டும். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தை எடுத்துக்கொள்வோம். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று ஒவ்வொருவரும் பெரிய கை. இத்தனை பேருக்கு நடுவே நாடகக்காரி ‘ஜில் ஜில்’ ரமாமணியாக மனோரமா. வந்து நின்றதுமே காட்சி அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

காரணம், குரல். கிராமத்துக் கொச்சையும், ‘நான் மேடைக் கலைஞர்’ என்கிற பெருமையும் கலந்த ஒரு பேச்சு. நாதஸ்வர வித்வானான சண்முகசுந்தரத்திடம், இந்தச் சத்தம் உங்க நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் இப்படித்தானா என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்பார். வெள்ளந்தியான கேள்விதான். ஆனால் அந்த வெகுளித்தனத்துக்குள், சொல்லாத ஒரு பிரியமும் இருக்கிறது. அது கைகூடாது என்பது ரமாமணிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதனால்தான் அந்தச் சிரிப்பு கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது.

அதே 1968-ல் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் அசல் சென்னைத் தமிழில் பாடி அசத்தியவரும் இவர்தான். 1986-ல் விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. அந்த வீட்டுக்காகச் சண்டைக்குப் போகும் காட்சியில், ‘கம்முனு கெட’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எகிறுவாரே, அதில் இருப்பது வேறு ஒரு ஊர், வேறு ஒரு வாழ்க்கை. ஒரே தொண்டைதான். ஆனால் ஒவ்வொரு பெண்ணும் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

தமிழ் சினிமாவில் குரல் என்பது தனி சப்ஜெக்ட். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்பது இங்கே சகஜம். இன்று ஸ்டாராக இருக்கும் விக்ரம், ஆரம்ப காலத்தில் ‘அமராவதி’ (1993) படத்தில் அஜித்துக்கும், ‘காதலன்’ (1994) படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர். ‘96’ (2018) படத்தில் த்ரிஷாவின் ஜானுவை நமக்கு நெருக்கமாக்கியதில் சின்மயியின் குரலுக்கும் பங்கு உண்டு. நாம் ‘நடிப்பு’ என்று கைதட்டுவதில் பாதி, காதுக்கு வருகிற விஷயம்.

4. சத்தமே போடாத மிரட்டல் – ரகுவரன் பாடம்

குரல் என்றதும் அடுத்து நினைவுக்கு வரும் பெயர், ரகுவரன்.

அவர் வருவதற்கு முன் தமிழ் சினிமா வில்லன்களில் பலர் சத்தமாகச் சிரிப்பார்கள், கண்ணை உருட்டுவார்கள். ரகுவரன் இதைத் தலைகீழாக்கினார். உயரமான, ஒல்லியான உருவம். தளர்வான நடை. அவசரமே இல்லாத பேச்சு. வாக்கியத்தின் நடுவே, எதிர்பாராத இடத்தில் ஒரு நிறுத்தம். அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று நாம் காத்திருக்கும் அந்த ஒரு நொடியில்தான் பயம் பிறக்கிறது.

கே.எஸ்.ரவிக்குமாரின் முதல் படமான ‘புரியாத புதிர்’ (1990) படத்தில் ‘ஐ நோ’ என்ற இரண்டே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் காட்சி இன்றைக்கும் வைரல். ஒவ்வொரு தடவையும் அதன் அர்த்தம் மாறும். ஒன்று கிண்டல், ஒன்று கோபம், ஒன்று சந்தேகம், ஒன்று அழுகைக்கு முந்தைய நிலை. டயலாக் ரைட்டர் கொடுத்தது இரண்டு வார்த்தை. நடிகர் கொடுத்தது ஒரு நோயாளி மனசின் முழு எக்ஸ்ரே.

‘பாட்ஷா’ (1995) படத்தின் மார்க் ஆண்டனியையும், ‘முதல்வன்’ (1999) படத்தின் முதலமைச்சர் அரங்கநாதனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘முதல்வன்’ இன்டர்வியூ காட்சியில் அவர் ஒரு கட்டம் வரைக்கும் கேள்விகளைச் சாதாரணமாகத் தட்டிவிடுகிறார். அர்ஜுன் விடாமல் அடுக்க அடுக்க, அந்த அலட்சியத்தில் மெல்லக் கீறல் விழுகிறது. எந்த இடத்தில் அவர் கன்ட்ரோலை இழக்கிறார் என்று சரியாகக் கோடு போட முடியாது. அவ்வளவு நுணுக்கமாக நகர்கிறது.

ஆனால் ரகுவரனை வில்லன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் காசுக்குக் கணக்குப் பார்க்கும் மூத்த மகன் சிதம்பரம், யாரையும் கொலை செய்யவில்லை. அப்பாவிடம் பணக் கணக்குப் பேசுகிறான், அவ்வளவுதான். வீட்டுக்கு நடுவில் கோடு விழுகிற அளவுக்கு அது போகிறது. சம்பளம் வாங்கி வீட்டுக்குக் கொடுக்கிற இன்றைய 25, 30 வயதுக்காரர்கள் அந்தச் சண்டையைப் பார்த்தால், சிதம்பரத்தை அத்தனை ஈஸியாக வெறுக்க முடியாது. அவர் பக்கமும் ஒரு லாஜிக் இருப்பது போல் அவர் நடித்திருப்பதுதான் காரணம்.

‘அஞ்சலி’ (1990) படத்தில் அதே ரகுவரன், நோயுற்ற குழந்தையின் அப்பா. ஊரையே மிரட்டும் குரல், ஒரு குழந்தைக்காக உடைகிறது. தன்னைக் கெட்டவனென்று எந்தக் கெட்டவனும் நினைப்பதில்லை என்பதைப் புரிந்துகொண்ட நடிகர் அவர். 2008 மார்ச்சில் இறந்தபோது அவருக்கு வயது 49தான்.

5. இமேஜை உடைச்சா என்ன ஆகும்?

ஒரு நடிகரிடம் நாம் எதைப் பார்த்துப் பழகிவிட்டோமோ, அதையே அவரிடமிருந்து பறித்துவிட்டால்?

1994-ல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘மகளிர் மட்டும்’ படத்தில் அதுதான் நடந்தது. உடம்பு முழுக்க ஸ்பிரிங் வைத்தது போல் ஆடியே பழகிய நாகேஷுக்குக் கொடுக்கப்பட்ட வேஷம், பிணம்! டயலாக் இல்லை. அசைவு இல்லை. சுற்றி இருப்பவர்கள் தூக்குகிறார்கள், இழுக்கிறார்கள், உட்காரவைக்கிறார்கள். உடம்பைத் துளிகூட தன் கட்டுப்பாட்டில் இல்லாத மாதிரி விட்டுவிட வேண்டும். அப்படி விடுவதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே வருஷம் வந்த ‘நம்மவர்’ படத்தில், மகளைப் பறிகொடுக்கும் பேராசிரியராக இன்னொரு நாகேஷ். முப்பது வருஷம் நம்மைச் சிரிக்கவைத்த அதே முகம். அந்த முகம் அழும்போது, நமக்குப் பழகிய ஒருவர் வீட்டில் துக்கம் நடந்த மாதிரி இருக்கிறது. புதுமுகம் யாராவது நடித்திருந்தால், எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் அந்த அதிர்ச்சி கிடைத்திருக்காது.

வடிவேலு விஷயத்திலும் இதே கதைதான். ‘மாமன்னன்’ (2023) பார்த்துவிட்டு ‘வடிவேலுவுக்குள் இப்படி ஒரு நடிகரா?’ என்று ஆச்சரியப்பட்டார்கள் பலர். ‘தேவர் மகன்’ (1992) பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். கையை இழந்து மருத்துவமனையில் கிடக்கும் இசக்கியாக, வலிக்கு நடுவிலும் பேசிச் சிரித்து, பார்ப்பவர்களைக் கலங்கடித்திருப்பார். அந்த இசக்கிக்கும் ‘மாமன்னன்’ எம்.எல்.ஏ-வுக்கும் நடுவில் 31 வருஷம்.

எம்.எல்.ஏ ஆன பிறகும், ஆதிக்கச் சாதிக்காரர் வீட்டில் உட்காராமல் நின்றே பழகிய ஒரு மனிதர். அதை வடிவேலு வசனத்தில் சொல்லவில்லை. தோளில், நிற்கிற விதத்தில், நாற்காலியைப் பார்க்கிற பார்வையில் சொல்கிறார். அவரைப் பார்த்தால் சிரித்தே பழகிய நமக்கு, இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. அந்தச் சங்கடம்தான் படத்தின் பலம்.

6. சரி, இவங்களுக்கெல்லாம் விருது கிடைச்சுதா?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது.

‘தருமிக்கு ஏன் தேசிய விருது தரலை?’ என்று சமூக வலைதளத்தில் யாராவது ஆதங்கப்படுவது உண்டு. உண்மையில், ‘திருவிளையாடல்’ வந்த 1965-ல் தேசிய விருதுகளில் நடிகர்களுக்கென்று பிரிவே கிடையாது! சிறந்த நடிகர், நடிகை விருதுகள் 1967-ம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முதலில் வழங்கப்பட்டன. தமிழிலிருந்து முதலில் சிறந்த நடிகர் விருதுக்குத் தேர்வானவர் எம்.ஜி.ஆர், ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) படத்துக்காக.

துணை நடிகர், துணை நடிகை பிரிவுகள் சேர்க்கப்பட்டது அதற்கும் பிறகு, 1984-ம் ஆண்டுப் படங்களிலிருந்து. அதாவது தருமி, வைத்தி, ஜில் ஜில் ரமாமணி, செல்லப்பாவின் அப்பா என நாம் கொண்டாடும் பல கதாபாத்திரங்கள் வந்தபோது, அவர்களை உட்காரவைக்க அந்தப் பந்தியில் இலையே போடப்படவில்லை.

இலை போட்ட பிறகும் முறை வர நேரமானது. மனோரமாவுக்கு ‘புதிய பாதை’ (1989) படத்துக்காக. சினிமாவுக்கு வந்து 31 வருஷம் கழித்து. நாகேஷுக்கு ‘நம்மவர்’ (1994) படத்துக்காக. தருமிக்கு 29 வருஷம் கழித்து. பிறகு ‘மைனா’ (2010) தம்பி ராமையா, ‘அழகர்சாமியின் குதிரை’ (2011) அப்புக்குட்டி, ‘விசாரணை’ (2015) சமுத்திரக்கனி என்று பட்டியல் நீள்கிறது.

விருது வாங்கினால்தான் நல்ல நடிப்பா? இல்லவே இல்லை. ஆனால் ஒரு பிரிவு இருக்கிறதா, இல்லையா என்பதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. ‘காமெடியன்’, ‘வில்லன்’, ‘அம்மா கேரக்டர்’ என்று லேபிள் ஒட்டி ஓரமாக வைத்த வேலையும் நடிப்புதான் என்று அதிகாரபூர்வமாக ஒத்துக்கொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அந்த லேபிளை ஒட்டியதில் ரசிகர்களான நமக்கும் பங்கு உண்டு.

7. ரீல்ஸ் காப்பாத்துது... கூடவே எதையோ வெட்டுது!

இன்று இந்த நடிகர்களை உயிரோடு வைத்திருப்பது யார்? சந்தேகமே வேண்டாம், மீம் கிரியேட்டர்களும் ரீல்ஸ் பசங்களும்தான். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அப்ரைசல் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் விழுவது வடிவேலு ஸ்டிக்கர். நாகேஷ் இறந்து 15 வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் தருமி புலம்பாத மாசக் கடைசியே கிடையாது.

இது பெரிய விஷயம். அதே சமயம், 20 செகண்ட் க்ளிப் ஒன்றைக் கொடுக்கும்போது இன்னொன்றை எடுத்தும்கொள்கிறது. க்ளிப்பில் பஞ்ச் இருக்கும். பஞ்சுக்கு முந்தைய மௌனம் இருக்காது. ‘ஐ நோ’ இருக்கும். அந்த மனிதன் ஏன் அப்படி ஆனான் என்பது இருக்காது. நாகேஷ் போடும் சத்தம் இருக்கும். பாலையா அலட்சியமாக உட்கார்ந்திருந்த முதல் நிமிஷம் இருக்காது. எங்கே தொடங்கினார் என்று தெரிந்தால்தானே, எவ்வளவு தூரம் வந்தார் என்று தெரியும்?

க்ளிப்பாக மட்டுமே பார்த்துப் பழகினால், நடிப்பு என்றால் ‘ஹைலைட்’ என்று ஆகிவிடும். ஹைலைட்டுக்காகவே எழுதப்படும் காட்சிகள் ஹைலைட்டாகவும் நிற்காது. நேசமணி வைரல் ஆவதற்காக எழுதப்பட்டவர் அல்ல. வேலையை முடிக்க வந்தவர்!

8. இப்பவும் முடியும் – ‘பார்க்கிங்’ உதாரணம்

‘அந்தக் காலம் மாதிரி இப்போ நடிகர்களே இல்லை’ என்பவர்களுக்கு, ராம்குமார் பாலகிருஷ்ணன் இயக்கிய ‘பார்க்கிங்’ (2023) நல்ல பதில். ஒரே வீட்டில் மேலும் கீழும் குடியிருக்கும் இரண்டு குடும்பம். ஒரே ஒரு கார் நிறுத்துகிற இடம். ஐ.டி வேலை பார்க்கும் இளைஞனாக ஹரிஷ் கல்யாண். அரசு ஊழியர் இளம்பரிதியாக எம்.எஸ்.பாஸ்கர்.

மேலே பார்த்த எல்லாப் பாடமும் இதில் இருக்கிறது. இளம்பரிதிக்கு வேண்டியது வெறும் பார்க்கிங் இடம் அல்ல. இத்தனை வருஷம் நேர்மையாக, சிக்கனமாக வாழ்ந்ததற்கான மரியாதை. நேற்று வந்த பையன் அதைப் பறித்துவிட்டதாக நினைக்கிறார். அவர் செய்வது தப்பு என்று நமக்குத் தெரியும். ஆனாலும் ‘எங்க ஏரியாவிலும் இப்படி ஒரு அங்கிள் இருக்கார்’ என்று தோன்றாமல் இருக்காது.

டப்பிங் கலைஞராகப் பல வருஷம் அடுத்தவர் முகத்துக்குக் குரல் கொடுத்தவர் பாஸ்கர். டிவியில் ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ பட்டாபியாக வீட்டு வீட்டுக்குச் சிரிப்பைக் கொண்டுபோனவர். ‘மொழி’ (2007) படத்தில், மகனை இழந்த 1984-லேயே மனசு நின்றுபோன ஒரு பெரியவராக வந்து, சிரிக்கவைத்துக்கொண்டே இருந்து கடைசியில் அழவைத்தவர். ‘பார்க்கிங்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது 2025 ஆகஸ்ட்டில் அறிவிக்கப்பட்டபோது, அவரைக் கொண்டாடியவர்களில் பாதிப் பேருக்கு அவர் இன்னமும் பட்டாபிதான்.

கூடவே இன்னொரு விஷயம். ‘பார்க்கிங்’ படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை ஆகிய தேசிய விருதுகளும் கிடைத்தன. நல்ல நடிப்பு ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. அந்த நடிகருக்கு ஒரு முழு மனிதனை எழுதிக்கொடுக்க எழுத்தாளர் வேண்டும். அவர் முகத்தில் கேமராவை நிறுத்திவைக்க இயக்குநர் வேண்டும். எதிரில் நின்று விட்டுக்கொடுக்கும் ஹீரோ வேண்டும். சிவாஜி என்ற பெரிய நட்சத்திரம் எதிரே நிற்க, ‘திருவிளையாடல்’ தருமிக்கு அத்தனை நேரம் கிடைத்தது. அந்த இடம் கிடைத்ததால்தான் தருமி நமக்குக் கிடைத்தார்.

இந்த வீக்எண்ட் ட்ரை பண்ணிப் பாருங்க!

* பிடித்த ஒரு காட்சியை மியூட் பண்ணிவிட்டுப் பாருங்கள். சத்தமே இல்லாமலும் அந்த ஆள் யாரென்று புரிந்தால், உடம்பு நடிக்கிறது.

* அதே காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஆள் எந்த ஊர், என்ன மனநிலை என்று தெரிந்தால், குரல் நடிக்கிறது.

* பேசுபவரை விட்டுவிட்டு, கேட்பவரை மட்டும் பாருங்கள். ‘காதலிக்க நேரமில்லை’ பேய்க்கதைக் காட்சியில் ஆரம்பிக்கலாம்.

* ‘இந்த ஆளுக்கு இப்போ என்ன வேணும்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் உடனே வந்தால், அந்தக் கதாபாத்திரம் உங்களோடு ரொம்ப நாள் இருக்கப்போகிறது.

* ரீலில் பிடித்த காட்சி ஒன்றை, முழுப் படத்தில் தேடிப் பாருங்கள். குறைந்தபட்சம் அதற்கு முந்தைய பத்து நிமிஷமாவது!

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, ஹீரோ பெயருக்குக் கீழே வரிசையாக வரும் பெயர்களை நாம் பெரும்பாலும் படிப்பதில்லை. செல்போனைத் தேடிக்கொண்டிருப்போம். இன்னும் 18 வருஷம் கழித்து ஊரே கொண்டாடப்போகிற ஒருவர், அந்த வரிசையில் இப்போது இருக்கக்கூடும். அவர் பெயரை இன்றைக்கே தெரிந்துகொண்டால், ‘அப்பவே தெரியும்’ என்று சொல்லிக்கொள்ளலாம். அவரிடம், அவர் இருக்கும்போதே சொல்லவும் செய்யலாம்.